மதுரை அரியணைக்கான பங்காளிச் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் மதுரையைச் சுற்றியுள்ள பழைய ஊர்களுக்குப் போய்வருவோம். கண்மாய்க்கரை, இடிந்த கோட்டை, கல்வெட்டு உள்ள கோயில் என்று ஏதாவது ஒன்று. புதிதாகக் கூட வருகிறவர்கள் அதிகம் கேட்பது 12-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பிளந்த உள்நாட்டுப் போரைப் பற்றித்தான். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எந்தப் போர்? எப்போது நடந்தது?

மதுரை யாருக்கு என்று பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்ட போர். 1160-களின் பிற்பகுதியில் ஆரம்பித்தது. பராக்கிரம பாண்டியனுக்கு ஆதரவாக இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் படை வந்தது. குலசேகரனுக்கு ஆதரவாகச் சோழன் இரண்டாம் இராசாதிராசனின் படை வந்தது. முதல் கட்டம் 1170-களில் அடங்கியது. ஆனால் மூட்டிய நெருப்பு அணைய இன்னும் இரண்டு தலைமுறை ஆனது.

சண்டை எதற்காக?

அரியணைக்காகத்தான். இருவரும் பாண்டிய குலத்தவர். பாண்டிய நாட்டில் அப்போது ஒரே காலத்தில் பல கிளையினர் ஆங்காங்கே ஆண்டு வந்தார்கள். முதலாம் குலோத்துங்கன் ஐந்து பாண்டியரோடு போரிட்டதாகச் சோழர் தரப்பில் சொல்வதே அதற்குச் சாட்சி. நடுவில் ஒரு வலுவான கை இல்லாமல் போனதும், மதுரை யார் கையில் இருக்கிறதோ அவனே பெரிய பாண்டியன் என்றாகிவிட்டது.

குலசேகரன் படையோடு வந்து மதுரையை முற்றுகையிட்டான். உள்ளே இருந்த பராக்கிரம பாண்டியன் இலங்கைக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டான். உதவி கப்பல் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குலசேகரன் நகரைப் பிடித்துப் பராக்கிரமனையும் அவன் மனைவி மக்களையும் கொன்றான். கடைசி மகன் வீரபாண்டியன் மட்டும் தப்பி மலைநாட்டுப் பக்கம் போய்விட்டான். அந்த ஒரு பிள்ளை பிழைத்திருந்ததால்தான் போர் தொடர்ந்தது.

உதவி கேட்டவனே இறந்த பிறகு இலங்கைப் படை ஏன் வந்தது?

கூப்பிட்டவன் செத்தாலும் போய் மதுரையைப் பிடித்து அவன் மகனிடம் கொடு என்று பராக்கிரமபாகு உத்தரவிட்டதாகச் சூளவம்சம் சொல்கிறது. இது இலங்கையில் பௌத்த பிக்குகள் பாலி மொழியில் எழுதிவைத்த வரலாற்று நூல். இந்தப் போரை ஊர் ஊராகச் சொல்கிற நூல் இது ஒன்றுதான்.

படைத்தலைவன் பெயர் இலங்காபுரன். நம் கல்வெட்டுகளில் இலங்காபுரித் தண்டநாயகன். இலங்கைக் கரையில் உள்ள மாதோட்டத்தில் கப்பல் ஏறி இராமேசுவரத்தைப் பிடித்தான். பாம்பன் தீவின் குந்துகாலில் கோட்டை கட்டி, அதற்குத் தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயர் வைத்தான். 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கியதும் இதே குந்துகாலில்தான்.

அங்கிருந்து பெருநிலத்துக்கு வந்து ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்தார்கள். சூளவம்சத்தில் வரும் பெயர்களைப் படிக்கும்போது நம்மூர்ப் பேருந்துப் பலகைகளைப் படிப்பது போலவே இருக்கும்: நெட்டூர், மானாமதுரை, செம்பொன்மாரி, தொண்டி, பாசி, கீழநிலை, பொன்னமராவதி. முதல்முறை அந்தப் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம். சின்ன வயதில் விடுமுறைக்குப் போய் இறங்கிய நிறுத்தங்களெல்லாம் எண்ணூற்று ஐம்பது வருடத்துக்கு முன்னால் போர்க்களமாக இருந்திருக்கின்றன.

பிறகு ஜகத்விஜயன் என்ற இன்னொரு தலைவன் கூடுதல் படையோடு வந்து சேர்ந்தான். குலசேகரன் சும்மா இருக்கவில்லை. கொங்கு நாட்டிலிருந்து தாய்மாமன் வழிப் படை, திருநெல்வேலிச் சீமைப் படை எல்லாவற்றையும் திரட்டி எதிர்த்தான். தோற்று, கடைசியில் மதுரையை விட்டு ஓடினான். இலங்காபுரன் வீரபாண்டியனுக்கு முடிசூட்டினான்.

அப்படியானால் இது தமிழர்–சிங்களர் போர்தானே?

இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொல்வேன். இலங்கைப் படை வந்தது ஒரு பாண்டியனுக்காக. அவனை எதிர்த்தவனும் பாண்டியன். பாண்டிய நாட்டுக் குறுநிலத் தலைவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள், தோற்றதும் பக்கம் மாறினார்கள். சோழர்கள் இலங்கை மேல் படை அனுப்பியபோது அதோடு போனவன் சீவல்லபன், பராக்கிரமபாகுவின் சொந்த மருமகன். அங்கேயும் அரியணைப் போட்டி. பின்னால் குலசேகரன் இலங்கையோடு கைகோத்தான். அவனை விரட்டிவிட்டுச் சோழர்கள் ஆதரித்தது யாரை? முன்பு இலங்கை முடிசூட்டிய அதே வீரபாண்டியனை! அவனும் பிறகு இலங்கைப் பக்கம் சாய்ந்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் இதை இனப்போர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள் பங்காளிகள் அடித்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு அண்டைவீட்டுக்காரனைக் கூப்பிட்டார்கள். அடுத்த நூற்றாண்டுகளின் கோபத்தைக் கொண்டுபோய் அந்தக் காலத்தின் மேல் ஏற்றக்கூடாது.

சோழர் பக்கத் தளபதி யார்?

இரண்டு பேர். இருவருக்கும் பல்லவராயன் என்ற பட்டம் இருப்பதால் குழப்பம் வரும்.

மூத்தவர் திருச்சிற்றம்பலமுடையான் பெருமான்நம்பிப் பல்லவராயர். மயிலாடுதுறைப் பக்கம் உள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இவரைப் பற்றியது. இரண்டாம் இராசராசன் மறைந்த நேரத்தில் அவன் பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும்தான். ஆபத்து என்று தெரிந்ததும் அந்தக் குழந்தைகளை ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து எடுத்துக்கொண்டு இராசராசபுரத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியவர் இவர். அதே மனிதர்தான் பாண்டிய நாட்டுக்குப் படை அனுப்பி, இலங்காபுரித் தண்டநாயகன் உள்ளிட்ட தலைவர்களைக் கொன்று, அவர்கள் தலைகளை மதுரை வாசலில் ஆணியடித்து வைக்கச் சொன்னார். கைக்குழந்தையைத் தூக்கிக் காத்தவரும் தலையை ஆணியடிக்க வைத்தவரும் ஒரே ஆள் என்பதை என்னால் இன்றுவரை எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

அவர் போரில் சாகவில்லை, நோயில் இறந்தார். அவர் மனைவியர், பிள்ளைகள், உறவினர் பிழைக்க அரசன் இறையிலியாக, அதாவது வரி இல்லாமல், நிலம் கொடுத்தான். அந்தக் கொடையைப் பதிவு செய்யத்தான் அந்தக் கல்வெட்டே வெட்டப்பட்டது.

அடுத்தவர் பழையனூர் வேதவனமுடையான் அம்மையப்பன் என்ற அண்ணன் பல்லவராயன். திருவாலங்காட்டுக் கல்வெட்டு இவருடையது. பராக்கிரமபாகு ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களில் படை சேர்த்துக் கப்பல் கட்டுகிறான் என்று செய்தி வந்ததும், சீவல்லபனோடு படை அனுப்பி அங்கே தாக்கச் செய்தவர்.

இலங்கை நூல் தாங்கள் ஜெயித்தோம் என்கிறது, சோழர் கல்வெட்டு தாங்கள் ஜெயித்தோம் என்கிறது. யாரை நம்புவது?

இரண்டையும் ஓரளவு நம்பலாம், ஒவ்வொன்றும் எங்கே நிறுத்துகிறது என்று பார்த்துக்கொண்டால். சூளவம்சம் வீரபாண்டியனுக்கு முடிசூட்டு, வெற்றியின் நினைவாகப் பாண்டுவிஜயம் என்று ஓர் ஊர் உண்டாக்கினார்கள் என்ற இடத்தில் கதையை முடித்துக்கொள்கிறது. பிறகு நடந்த தோல்வி பற்றி ஒரு வரி கிடையாது. சோழர் கல்வெட்டுகளோ குலசேகரன் மதுரையை இழந்ததை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கின்றன, ஏனென்றால் அதைச் சொன்னால்தான் திருப்பிப் பிடித்ததைச் சொல்ல முடியும்.

காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள ஆர்ப்பாக்கம் கல்வெட்டு இன்னும் நேர்மையானது. ஈழப்படை பாண்டிய நாட்டைப் பிடித்து, தொண்டி, பாசிப் பக்கங்களில் சோழச் சாமந்தரோடு (சோழனுக்கு அடங்கிய சிற்றரசரோடு) மோதியபோது சோழ நாட்டு மக்கள் அஞ்சினார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எதிரிலிசோழச் சம்புவராயன் என்ற தலைவன் கலங்கிப்போய் ஞானசிவ தேவர் என்ற உமாபதி தேவரிடம் போய் வேண்டுகிறான். இராமேசுவரம் கோயில் கதவைப் பறித்து, பூசையை நிறுத்தி, செல்வத்தை அள்ளிப்போன படை இது, தோற்கும்படி செய்கிறேன் என்று அவர் 28 நாள் பூசை செய்கிறார். அதன் பிறகு ஈழப்படைத் தலைவர்கள் தோற்று ஓடியதாக ஓலை வருகிறது. நன்றிக்கு ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடுக்கிறான். பயத்தை ஒளிக்காமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், அதனால் இதை அதிகம் நம்புகிறேன்.

ஒன்று கவனித்தீர்களா? இந்தக் கல்வெட்டில் தலைவர்கள் ஓடினார்கள். பல்லவராயன்பேட்டையில் அவர்கள் தலை வாசலில் தொங்குகிறது. சோழர் பக்கத்துச் சான்றுகளுக்குள்ளேயே கட்டத்துக்குக் கட்டம் செய்தி மாறுகிறது.

தலைகளை ஆணியடித்த மதுரை வாசல் எது?

பாண்டியர் கோட்டையின் ஏதோ ஒரு வாசல் என்ற அளவுக்குத்தான் சொல்லலாம். கோட்டை முழுவதும் போய்விட்டது. அம்மன் சன்னதிக்கு நேர் கிழக்கே இருக்கும் விட்டவாசல்தான் பழைய பாண்டியர் கோட்டையின் எச்சம் என்று சொல்லப்படுகிறது. இடிக்கும்போது விட்டுவைத்ததால் விட்டவாசல். அங்கே போனால் நான் கொஞ்சநேரம் நிற்பேன். கல்தூணில் கை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், பக்கத்தில் பூக்கட்டும் நாரின் ஈர வாசனை வரும், ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருப்பார்கள். இதே வாசல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்று மதுரைக்காரர் மோரும் கீரையும் தூக்கிக்கொண்டு அந்தத் தலைகளுக்குக் கீழேதான் ஊருக்குள் போய்வந்திருப்பார்கள்.

அந்தத் தலைகளைப் பிறகு எடுத்தது யார்?

குலசேகரன்! சோழர் தயவால் மதுரையைத் திரும்பப் பெற்றவன், கொஞ்சநாளில் பராக்கிரமபாகுவோடு உறவு கொண்டாடினான். சோழர் பக்கம் இருந்த இராசராசக் கற்குடிராயன், இராசகம்பீர அஞ்சுகோட்டை நாடாள்வான் ஆகியோரை வெள்ளாற்றுக்கு வடக்கே போகும்படி துரத்தினான். வாசலில் இருந்த தலைகளை இறக்கினான். திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதைச் செய்நன்றி மறந்த குற்றமாகச் சொல்கிறது. அண்ணன் பல்லவராயன் படையோடு வந்து அவனை விரட்டி வீரபாண்டியனை அமர்த்தினார், அதற்குப் பரிசாகப் பழையனூரில் 10 வேலி நிலம் பெற்றார்.

சாதாரண மக்கள் என்ன ஆனார்கள்?

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. கல்வெட்டு வெட்டியவருக்கோ நூல் எழுதியவருக்கோ அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெற்றியைச் சொல்லும்போது தப்பித் தவறி விழுந்த வரிகளைத்தான் பொறுக்க வேண்டும்.

பொன்னமராவதியில் மூன்றடுக்கு அரண்மனையைக் கொளுத்தியபோது வீடுகளும் நெல் நிறைந்த களஞ்சியங்களும் சேர்ந்து எரிந்தன என்கிறது சூளவம்சம். நெல் எரிந்தது என்றால் அந்த வருடச் சாப்பாடும் அடுத்த வருட விதைநெல்லும் போயின. புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு களஞ்சியம் நிறைய எத்தனை மழை வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொரு இடத்தில், எதிரியைத் தடுக்கக் குலசேகரன் குளக்கரைகளை வெட்டிவிட்டான், இலங்காபுரன் அந்த உடைப்பை அடைக்கச் செய்தான் என்று வருகிறது. படிக்கும்போதே வயிறு எரிகிறது. மடை, கலுங்கு, வரத்துக்கால் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த கண்மாயைத் தன் சொந்த அரசனே வெட்டுகிறான். படையெடுத்து வந்தவன் அடைக்கிறான். எழுதியவர்கள் இலங்காபுரன் பக்கத்து ஆட்கள், அதனால் அவனை உயர்த்தித்தான் சொல்வார்கள். ஆனால் கரையை வெட்டுவது போர் உத்தியாக இருந்தது என்பதாவது இதில் தெரிகிறது.

பிடிபட்ட தமிழர்களைக் கப்பலில் ஏற்றி அநுராதபுரத்துக்கு அனுப்பினார்கள். முன்பு தமிழர் படைகள் இடித்த இரத்தினவாலுக தூபியை, இன்றைய ருவான்வெலிசாயவை, அவர்களைக் கொண்டே செப்பனிட வைத்தார்கள். யாரோ எப்போதோ இடித்ததற்கு, நெட்டூர்ப் பக்கத்து உழவனோ தொண்டிக் கடலோடியோ செங்கல் சுமந்திருக்கிறான். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஒரு சொல் இல்லை.

அக்கரையிலும் இதே கதைதான். சோழர் அனுப்பிய படை மாதோட்டம், புலைச்சேரி முதலிய ஊர்களை அழித்து, யானைகளைப் பிடித்து, ஊர்களுக்குத் தீ வைத்து, மக்களில் சிலரைக் கொன்று சிலரைச் சிறைபிடித்ததாகத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு பெருமையாகவே சொல்கிறது.

அப்புறம் காசு. பிடித்த பகுதிகளில் பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசைப் புழங்கச் செய்தார்கள். சந்தையில் உப்பு வாங்கப் போனவளுக்கு, ஊர் யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் சொன்னது அந்தக் காசாகத்தான் இருந்திருக்கும்.

சிப்பாய்களைப் பற்றியாவது ஏதும் உண்டா?

மூன்றாம் குலோத்துங்கன் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் அரசன் புகழைப் பாடும் பகுதியில், கொஞ்சம் உண்டு. 1178-இல் பட்டத்துக்கு வந்த அவன், வீரபாண்டியன் இலங்கைப் பக்கம் போனதும் விக்கிரம பாண்டியனுக்காகப் படை அனுப்பி மதுரையைப் பிடித்தான். அதில் ‘ஏழகம் பட, மறப்படை பட’ என்று வரும். ‘பட’ என்றால் மடிய. சிங்களப்படை ‘மூக்கறுப்புண்டு அலைகடல் புக’ என்றும் வரும். ‘மறப்படை பட’ என்ற இரண்டே சொல்லில் எத்தனை குடும்பம் அடங்கியிருக்கிறது பாருங்கள். போரில் இறந்த வீரன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. நெட்டூரில் விழுந்தவர்களின் வீடுகளுக்கும் அது கிடைத்திருக்க வேண்டும் என்று மனம் விரும்புகிறது.

வீரபாண்டியன் தலையைச் சோழன் வெட்டினான் என்று படித்தோமே?

அது வேறு வீரபாண்டியன். ஆதித்த கரிகாலன் காலத்தவன், இருநூறு வருடம் மூத்தவன். நம்முடைய வீரபாண்டியன் நெட்டூரில் குலோத்துங்கனிடம் தோற்று, பிறகு வந்து பணிந்தான். குலோத்துங்கனின் ‘பாண்டியன் முடித்தலை கொண்டருளிய’ என்ற பட்டம், முடியணிந்த தலையைத் தன் காலடியில் கொண்டதைக் குறிக்கிறது.

போர் எப்போதுதான் முடிந்தது?

நெட்டூரோடு முடியவில்லை. விக்கிரம பாண்டியனுக்குப் பின் 1190-இல் வந்த சடையவர்மன் குலசேகரன் சோழருக்கு அடங்காமல் போனதும், குலோத்துங்கன் மறுபடி வந்து மதுரையில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை ஏர் பூட்டி உழுது கவடி விதைக்கச் செய்தான். பகைவர் ஊரைக் கழுதை பூட்டி உழுவது பழைய வழக்கம். புறநானூற்றின் 15-ஆம் பாட்டு, பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அப்படிச் செய்ததைப் பாடுகிறது. பாண்டியனைப் புகழ்ந்த அதே செயல் பாண்டியனின் மதுரைக்கே வந்தது.

குலசேகரனின் தம்பி மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216-இல் பட்டமேறியதும் சோழ நாட்டில் புகுந்து ‘தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி’ அங்கே கழுதையால் உழுது கவடி விதைத்தான். பகைவர் பெண்டிர் ‘அழுத கண்ணீர் ஆறு பரப்பி’ என்று அவன் மெய்க்கீர்த்தியே சொல்கிறது. அதுவும் அரசர் வீட்டுப் பெண்கள். தஞ்சையில் கூரை எரிந்த மற்ற வீடுகளின் கண்ணீர் கணக்கில் வரவில்லை.

மாலிக் கபூர் வந்தது இந்தச் சண்டையால்தானா?

இல்லை, அது 1310-இல் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன் என்ற சகோதரர்களுக்குள் மூண்ட இன்னொரு பங்காளிச் சண்டை. மாலிக் கபூர் 1311-இல் மதுரைக்கு வந்தபோது அவர்கள் மோதிக்கொண்டுதான் இருந்தார்கள். பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

ஒரே நாளில் பார்க்க எங்கே போகலாம்?

காலையில் மதுரையில் இராமேசுவரம் ரயில் ஏறுங்கள். மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், பாம்பன் என்று கடலை நோக்கிப் போவீர்கள். இலங்காபுரன் படை கடலிலிருந்து இந்தத் திசைக்குத்தான் ஏறி வந்தது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் மானாமதுரையில் இறங்கி நெட்டூருக்குப் போங்கள்.

நாங்கள் போனபோது அங்கே கண்மாய்க்கரையில் ஒரு பெரியவர் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, இங்க பெரிய சண்டை நடந்துச்சாமே, தெரியுமா?” என்று கேட்டேன். “சண்டையா தம்பி? கம்மாத் தண்ணிக்கு ஒரு காலத்துல ரொம்ப நடந்துச்சு. இப்பத் தண்ணியும் இல்ல, சண்டையும் இல்ல” என்றார். ராசாக்கள் சண்டை என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். கரையை வெட்டிவிட்ட கதைக்கு வந்ததும் கையிலிருந்த கம்பை ஊன்றி நிமிர்ந்தார். “கரைய வெட்டுனானா? எந்த மாசம்?” என்று கேட்டார். நெல் எந்தப் பருவத்தில் நின்றது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.